விரலைப் பிடித்த குஞ்சு

பிடோக்
12.8.1984

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

மாதா கிருபையால் நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நம் குட்டி ரெஜினா சோறு தின்ன அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கே எனக்கும் அதே பாடுதான். மீன் பண்ணையில் ஆக்டோபஸ் குஞ்சுகளை என்னிடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. பிள்ளைக்கு மசிப்பதுபோல் இறாலை மசித்துப் போட்டேன். ஒன்றுகூடத் தொடவில்லை. பசியில் ஒன்றையொன்று கடித்து, முப்பதில் பதினொன்று போய்விட்டன. இரண்டு நாள் முதலாளியின் கண்ணில் படாமல் திரிந்தேன்.

கூட வேலை செய்யும் இப்ராஹீம் சிரித்தான். "அசையாம கெடந்தா அதுக்கு சாப்பாடுன்னே தெரியாதுண்ணே. ஓடணும் லா!"

நண்டுத் துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் ஆட்டினேன். ஒன்று பாய்ந்து பிடித்தது. இன்று பத்தொன்பதும் தின்கின்றன. நீயும் ரெஜினா முன்னால் தட்டை வைத்துவிட்டுச் சும்மா உட்காராதே, கொஞ்சம் ஆட்டம் காட்டு.

நேற்று ஒரு குஞ்சு நண்டை விட்டுவிட்டு என் விரலைச் சுற்றிக்கொண்டது. நானும் கையை எடுக்கவில்லை.

ரெஜினாவின் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. சிராங்கூன் ரோட்டில் வளையல் வாங்க அளவு வேண்டும். பண்ணை லாரி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

விரல்களையும் சேர்த்து வரை.

உன்
அற்புதராஜ்