மன்னவனூர் ஓடையும் என் ஐந்து வரியும்

ஜனவரி 6, திங்கள்

ஐந்து வரிக்குள் என்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கொடைக்கானலில் இனி எதில் முதலீடு செய்யலாம் என்று யோசனை சொல்லும் வல்லுநர் குழுவில் நானும் ஒருத்தி. ஐந்து பேரின் படத்தையும் போட்டுச் சின்னப் புத்தகம் அடிக்கிறார்களாம். 'ராஜகுமாரி, நீரியல் வல்லுநர், நெடுநாள் அனுபவம்' என்று ஆரம்பித்தேன். தரகர் கையில் கொடுக்கிற வரன் விவரம் மாதிரி இருந்தது. அடித்தேன். மறுபடி எழுதினேன். டீ ஆறிப்போனது.

பிறந்த ஊரைப் போடலாமா என்று குழுத் தலைவர் சேனாதிபதி சாருக்குப் போன் செய்தேன். பழனிக்காரர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். "கண்டிப்பாப் போடுங்கம்மா. மலைக்காரப் பொண்ணு ஒண்ணு உள்ள இருக்குன்னாத்தான் எங்களுக்கும் பலம்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்தப் 'பொண்ணு' நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வயசு நாற்பத்தைந்து.

மன்னவனூர் என்று போட்டுவிட்டேன்.

ஜனவரி 9

முதல் கூட்டம். மன்னவனூருக்கு மேலே ஓடையை மறித்துத் தடுப்பணை, அங்கிருந்து மோட்டார் வைத்துக் குழாயில் கொடைக்கானலுக்குத் தண்ணீர். இதுதான் பெரிய திட்டம். சேனாதிபதி சார் குழாய் போகும் பாதையை விரலால் தடவிக் காட்டினார். கட்டிடக் கலைஞர் அணையை ஒட்டி ஒரு பூங்கா கேட்டார். கடன் விவகாரம் பார்க்கும் சுசித்ரா வட்டியைப் பற்றிப் பேசினாள். பேராசிரியர் இன்னும் ஓர் ஆய்வு வேண்டும் என்றார். அவரவருக்குத் தெரிந்த வேலைதான் ஊருக்குத் தேவையான வேலை. நான் மட்டும் என்ன? ஓடையில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்த ஓடைத் தண்ணீரில்தான் என் அண்ணன் மலைச்சாமியின் பூண்டு நிற்கிறது. அதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு இன்றுதான் கொடைக்கானல் திரும்பினேன்.

நேற்று அண்ணன் வயலுக்குத் தண்ணீர் முறை. வெள்ளனே போனோம். பூண்டுத்தாள் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடந்தது. எங்கள் ஊரில் தன் வயலுக்குத் தானே மடை திறக்கக் கூடாது. முறைக்காரர் கரையில் நிற்பார், பக்கத்து வயல்காரர் வந்து திறந்துவிடுவார், நேரமானதும் அவரே அடைப்பார். கந்தம்மாள் அக்கா வந்து மண்ணை வெட்டிவிட்டாள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது சொன்னார்: "ஏத்தா, அணை அது இதுன்னு பேசிக்கிறாக. நீ உள்ளதான இருக்க. ஆகாதுன்னு ஒரு வார்த்தை போட்டுரு. சோலி முடிஞ்சிரும்."

"பார்க்கிறேன் அண்ணே" என்றேன். என்னத்தைப் பார்ப்பது? மதினி சின்னத்தாயி இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் தட்டில் கறி மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஜனவரி 21

திட்டத்தில் காட்டியிருக்கிற தண்ணீர், கார்த்திகை மழையில் அளந்தது. மாசி, பங்குனியில் அந்த ஓடை வயலுக்கே பத்தாது. ஆகாது என்பதுதான் சரியான பதில். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், ஒரே விடைதான் வருகிறது. அப்படியானால் ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறேன்?

அங்கே அண்ணனின் பூண்டு இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாக இந்த முடிவுக்கு வந்திருப்பேனா — தெரியவில்லை. அதுதான் அரிக்கிறது.

ஜனவரி 25

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்குப் போனேன். புவனா என்னோடு காலேஜில் படித்தவள், அங்கே நாலு அறை வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறாள். நான் போனபோது டேங்கர்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சீசன்ல கெஸ்ட்டுக்கு பக்கெட் கணக்குலதான்டி தண்ணி குடுக்கிறேன். என் பிள்ளைங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குளிக்குது. உங்க அண்ணன் பூண்டு தினமும் குளிக்குதுல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதிலும் தப்பு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது, வழவழ தாளில். சேனாதிபதி சார்: 'பணி ஓய்வுக்குப் பின் முன்னணிக் குழாய் நிறுவனம் ஒன்றின் ஆலோசகர்.' சுசித்ரா: 'மலை நகரங்களுக்குக் கடன் வழங்கும் நிதி நிறுவனத்தில் துணைத் தலைவர்.' இந்தத் திட்டத்துக்குக் குழாய் தரப்போவதாகப் பேச்சு அடிபடுவது அவருடைய நிறுவனம். கடன் தரப்போவது இவளுடையது. ஒளிவுமறைவே இல்லை, படத்துக்குக் கீழே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தகுதி. எனக்கு அண்ணன் வயல் இருந்தால் அது சுயநலம். நன்றாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி முடிவு எடுக்கிறார்கள். சொந்த லாப நஷ்டம் உள்ளவர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும் என்பது விதி. மூன்று பேராவது உள்ளே இருந்தால்தான் முடிவு செல்லும். பேராசிரியர் என் பக்கம் சாய்கிற மாதிரி தெரிகிறது. கட்டிடக் கலைஞரிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நான் ஜெயிக்கலாம்.

பிப்ரவரி 5

அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே வேண்டாம்.

"வயல் இருக்குன்னு சொல்லிட்டு நீ வெளிய வந்துட்டா உள்ள நமக்குன்னு யாரு இருக்கா?"

"நம்ம ஊர்ல தன் வயலுக்குத் தானே மடை தெறக்கலாமாண்ணே?"

"அது ஊருக்குள்ள. அங்க அவனவன் அவன் மடையத்தானே தெறக்கிறான்? நீ மட்டும் கரையில நின்னு என்ன செய்யப்போற?" என்று வைத்துவிட்டார்.

நியாயம்தானே. என்ன செய்யப்போறேன்? எனக்கு மட்டும் என்ன வந்துச்சு இந்தக் கரையில நிக்கிற வேலை?

பிப்ரவரி 8

துணி துவைத்தேன். பனியில் காயவில்லை. வேறு எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன்.

லாப நஷ்டம் யாருக்காவது உண்டா என்று தலைவர் வருகைப் பதிவு மாதிரி கேட்டார். கை தூக்கினேன். அண்ணன், பூண்டு, ஓடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். கதவு வரைக்கும் போனவள் நின்றேன். எங்கள் ஊரில் ஒருத்தர் மட்டும் கரையேறினால் போதாது, அவரவர் முறை வரும்போது எல்லாரும் ஏற வேண்டும். திரும்பி, "சார், உங்களைப் பத்தி புத்தகத்துல போட்டிருக்கிறதையும் சொல்லிடலாமே" என்றேன்.

"அது அனுபவம்மா."

"எங்க அண்ணன் பூண்டும் எனக்கு அனுபவம்தான் சார்."

முதலில் சுசித்ராதான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். சேனாதிபதி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவரும் வந்துவிட்டார். உள்ளே மிச்சம் இரண்டு பேர். முடிவு எடுக்க முடியாமல் கூட்டம் கலைந்தது.

வெளியே மூன்று பேரும் டீ குடித்தோம். கிளம்பும்போது சார் சொன்னார்: "உங்க கணக்கு சரின்னு எனக்குத் தெரியும்மா. நீங்க சும்மா இருந்திருந்தா இன்னைக்கு ஓடையைக் காப்பாத்தியிருப்பீங்க."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 19

குழுவைக் கலைத்துவிட்டார்கள். புதுக் குழுவில் அஞ்சு பேரும் வெளியூர். இந்த மலையோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள் என்பதுதான் இந்தத் தடவை தகுதி. நான் செய்த நல்ல காரியம்.

அண்ணன் போனை எடுப்பதில்லை. மதினிதான் எடுத்தாள். "அவுக பேச மாட்டேங்கிறாக. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

பிப்ரவரி 23

உடம்பு சரியில்லை என்று யாரிடமாவது சொல்லலாம் என்றால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 27

புதுக் குழு இன்று மன்னவனூருக்கு வந்து ஜனங்களிடம் கருத்துக் கேட்டது. காலைப் பஸ்ஸில் போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். அண்ணன் முன் வரிசையில் இருந்தார், என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடையில் நீரியலுக்கு என்று ஒரு சின்னப் பெண். என் நாற்காலி.

என் முறை வந்தது. அந்தப் பெண்ணே மைக்கைக் கொடுத்து, "பேர் சொல்லுங்கம்மா, என்ன செய்றீங்க?" என்றாள். நெடுநாள் அனுபவம் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ராஜகுமாரி. மலைச்சாமி தங்கச்சி. அந்த ஓடைத் தண்ணி எங்க அண்ணன் வயலுக்குத்தான் வருது, அதை முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் என் கணக்கைச் சொல்றேன், தப்பா இருந்தா நீங்களே அளந்து பாருங்க."

வட்டக்கானலில் தண்ணீர் இல்லாமல் தவிப்பதையும் சேர்த்தே சொன்னேன். ஊர்க்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண் நிறையக் கேள்வி கேட்டாள், நல்ல கேள்விகள். பங்குனியில் அவளே வந்து அளக்கிறாளாம். அதுவரை முடிவு இல்லை. அதற்குப் பிறகு எப்படிப் போகுமோ, யாருக்குத் தெரியும்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். பக்கத்தில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"நாளைக்குக் கந்தம்மா முறை. காரட்டுக்குத் தண்ணி. நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆள் போயித் தெறந்துவிடணும். எனக்கு மூட்டு வலி."

அவருக்கு மூட்டு வலி கிடையாது.

பஸ் போய்விட்டது. இதை மதினி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளனே எழுந்திருக்க வேண்டும்.