சோனகப் பாவையின் கைக்கத்தி

கடல் காக்க, கரை வாழ்க. சங்குக்கொடி உயர்த்திய அலைவாய்த் துறையின் காவலன் சேந்தன் எழுதுவது. புன்னைக்கரை ஆளும் எம் தம்பி நன்னாகன் கண்டு நலம் பெறுக. உன் வயலில் மழை தவறாதிருக்க, உன் குதிரைகள் கொழுத்திருக்க. கொழுத்துத்தான் இருக்கின்றன என்று அறிவோம். அவை எம் துறையில் இறங்கியிருக்க வேண்டியவை.

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். எம்மோடு ஒன்றாக உண்டு பழகிய அரபு நாட்டுக் குதிரை வணிகர் இத்ரீசு குடும்பத்தோடு உன் ஊருக்குப் பெயர்ந்துவிட்டார். காரணம் நீ அல்ல. எம் ஊர்ப் பாவைக்கூத்து.

திருவிழாவில் அவர் மகள் சபியாவை, மரியாதை என்று எண்ணி, யாமே முன்வரிசையில் உட்கார வைத்தோம். திரையில் சோனகப் பாவை வந்தது. அரபு நாட்டார் என்றால் எம் கூத்தரிடம் அந்த ஒரு பாவைதான்: முறைத்த கண், தோளில் பிள்ளை பிடிக்கும் சாக்கு, கையில் வளைந்த கத்தி. கையும் கத்தியும் ஒரே தோலில் வெட்டியவை. ஆகையால் அது கத்தியைக் கீழே வைக்கவே முடியாது. கும்பிட வந்தாலும் கத்தியோடுதான் வரும்.

பிள்ளைகள் திரையை விட்டுச் சபியாவைப் பார்த்தார்கள். "அடியே, உங்கப்பன் சாக்குல இன்னிக்கு யாரு?" என்றாள் ஒருத்தி. பெரியவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்குப் போன குழந்தை, "வாப்பா, நம்ம வீட்ல அந்தச் சாக்கை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டதாம்.

பள்ளியிலும் இதே கதை. சோனகர் மணலில் வாழ்வோர், கடல் அறியார் என்று ஆசான் பாடம் சொல்கிறார். சன்னலைத் திறந்தால் தெரிவது அவர்கள் கப்பல்.

சென்ற திங்கள் உன் ஊர்க் கூத்தைக் கண்டோம். உன் பாவைக்காரி வெள்ளச்சி ஆட்டிய சோனகர், மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஒற்றைச் செருப்பைத் தேடினார். உன் மடியில் இருந்த சபியா, "கட்டிலுக்கு அடியில பாருங்க!" என்று கத்தினாள். ஊர்ப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். எமக்கு வயிறு எரிந்தது. குதிரைக்காக அல்ல, தம்பி. அந்தச் சிரிப்பு எம் ஊரில் கேட்டிருக்க வேண்டியது. அந்த மடியும் எம் மடியாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, அறுவடை முடியும்வரை வெள்ளச்சியை எம்மிடம் அனுப்புக. பழைய பாவை இனித் திரை ஏறாது. ஆசான் பிள்ளைகளைத் துறைக்கு அழைத்துப்போய், கப்பலோட்டிகளிடமே பாடம் கேட்பார். புதுப் பாவை ஆடும் நாளில் எம் பல்லக்கு சபியாவின் வாசலில் நிற்கும். அவள் மறுத்தால் யாரும் வற்புறுத்தலாகாது. வெறும் பல்லக்கே திரும்பட்டும், அடுத்த கூத்துக்கும் வரும். அவள் வந்தால், எந்த வரிசையில் உட்காருவது என்பதை இம்முறை அவளே சொல்லட்டும்.

இது எம் கட்டளை. சங்கு முத்திரை பதித்தோம்.