காற்றுக் கதவும் என் வீட்டுக்காரரும்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கரண்ட் நாலு மணிக்கே போய்விட்டது, வருவது அதன் இஷ்டம். ஆற்றுக்கு அக்கரை டாலாவில் வாங்கிய இரும்பு விறகடுப்பு பின்பக்க வராந்தாவுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். விறகு ஈரம்.

அடுப்பின் அடியில் ஒரு சின்னக் கதவு. காற்று உள்ளே போக. செய்து கொடுத்த கோ தெயின் படித்துப் படித்துச் சொன்னார்: பற்றவைக்கும்போது முழுக்கத் திற, நன்றாகப் பிடித்ததும் பாதி மூடு, விறகு எரியும்போது முழுக்க மூடவே கூடாது. என் வீட்டுக்காரரிடம் வேறு சட்டம். மூடினால் விறகு மிச்சம்.

நான் அரிசி களையத் திரும்பினால் போதும், டக். மூடியாச்சு. வீடெல்லாம் புகை. கீழ்மாடி அம்மா டோ டின் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மா நூரு, சமைக்கிறியா, கொசு விரட்டுறியா?"

"ரெண்டும்தான். உங்க வீட்டுக் கொசுவையும் சேர்த்து."

சிரிக்கவில்லை. இருமினார்.

வாங்க வேண்டியது: நெய், புதினா, காய்ந்த விறகு (மழையில் எங்கே?), இவர் கையைக் கட்ட ஒரு கயிறு.

ஜூலை 9, புதன்

மழை. வெள்ளிக்கிழமை விற்கிற பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சா மூடியைச் சுற்றி மாவு ஒட்டுவேன், ஆவி போகாமல். இருபத்தாறு வருஷமாக இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். கற்றுக்கொண்டது இன்றுதான் தெரிந்தது. நான் மார்க்கெட் போய் வருவதற்குள் மாவு பிசைந்து, அடுப்புக் கதவின் இடுக்கெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார். அடுப்புக்கே தம்!

"நீ சட்டிக்குப் பண்றதை நான் அடுப்புக்குப் பண்ணேன். சூடு வெளிய போகாதுல்ல?"

"உள்ள கோழி வச்சிருக்கீங்களா, வேகறதுக்கு?"

விறகு எரியவும் இல்லை, அணையவும் இல்லை. அடுப்பின் புகைபோக்கிக் குழாயில் மஞ்சள் புகை. பிறகு குழாய் மூட்டிலிருந்து தார் மாதிரிக் கறுப்புத் தண்ணீர், சொட்டுச் சொட்டாய். எங்கே? நாளை வாசோ பௌர்ணமி, பௌத்தர்களுக்கு விசேஷ நாள். பகோடாவுக்குப் போட்டுக்கொண்டு போக டோ டின் துவைத்துக் கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில்.

மேலே வந்தார். கத்தவில்லை. அதுதான் பயம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவை என் ஜன்னல்ல புகை வந்தா நேரா வார்டு ஆபீஸ். அடுப்பு கீழ இறங்கிரும்."

இறங்கினால்? கேஸ் கிடைப்பதில்லை. கரிச்சட்டி மேல் நாற்பது பொட்டலத்துத் தேக்சா நிற்காது. அந்தப் பொட்டலங்களில்தான் எங்கள் வாரமே ஓடுகிறது.

சட்டையை மூன்று தடவை துவைத்தேன். கறை போகவில்லை. என் புதுச் சட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தோள் இறுக்கமாம்.

இவரோடு பேச்சு இல்லை. (பத்து நிமிஷம்.)

ஜூலை 10, வியாழன்

மழை விட்டு விட்டு. கோ தெயினுக்குப் போன்.

"கதவை மூடினீங்களா?"

"நான் இல்லை, என் வீட்டுக்காரர்."

"எல்லாப் பொம்பளைங்களும் அதைத்தான் சொல்றாங்க."

குழாய் வாயைப் பார்க்கச் சொன்னார். புகை தெரிந்தால் காற்று போதவில்லை. தெரியாவிட்டால் சரி. அடுப்பு உறுமினால் காற்று அதிகம், விறகைத் தின்றுவிடும்.

குழாய் வாய் பின்சந்தில் நின்றால்தான் தெரியும். யார் நிற்பது? யோசிக்கவே இல்லை. கையில் குடையைக் கொடுத்து இவரைக் கீழே இறக்கினேன். கதவுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் மூன்று மாடி! விறகைச் சிறிசாகப் பிளந்து பற்றவைத்து, நான் மேலே கதவை விரல் விரலாக நகர்த்த, அவர் கீழே இருந்து:

"வெள்ளை!"

திறந்தேன்.

"இன்னும் வெள்ளை!"

இன்னும் திறந்தேன். அடுப்பு உறுமியது. கொஞ்சம் மூடினேன்.

"இல்ல! நூரு, ஒண்ணுமே இல்ல!"

டீக்கடையில் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்து, கூடச் சேர்ந்து, "இல்ல!" தமிழ் தெரியாதவர்களும். கதவு நின்ற இடத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த குழம்பால் ஒரு கோடு போட்டேன், கன்னத்தில் பூசியது போக மிச்சம்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். நேற்றே அடுப்புப் பக்கம் அடுக்கியதால் விறகு கொஞ்சம் உலர்ந்திருந்தது. ஆறு மணிக்குத் தீ. கதவு முழுக்கத் திறந்து, பிடித்ததும் கோட்டுக்கு. இவர் சந்தில். நான் கேட்காமலே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு "இல்ல!" தலைவலி.

தேக்சாவுக்கு மாவு ஒட்டினேன். விறகெல்லாம் தணலாகும் வரை பொறுத்து, கூப்பிட்டேன்.

"மேல வாங்க. இப்ப மூடலாம்."

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, ஒற்றை விரலால் மூடினார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

ஜும்ஆ தொழுகை முடிந்து அரைமணியில் முப்பத்தொன்பது பொட்டலம் காலி. அப்புறம் டோ டின் வந்தார்.

"இன்னைக்கு என்ன, சமைக்கலையா? புகையே காணோம்."

"சமைச்சு, வித்தும் ஆச்சு."

"அப்ப எனக்கு?"

நாற்பதாவதை நீட்டினேன். "வார்டு ஆபீஸ் போகலையா?"

"எங்க போறது? உன் புருஷன் காலையில இருந்து குடையோட வழியை மறிச்சு நின்னாரே." பொட்டலத்தை மோந்து பார்த்தார். "அடுத்த வாரம் புதினா கொஞ்சம் கூடப் போடு."

ஜூலை 12, சனி

வெயில். காலையிலிருந்து கரண்ட், நம்ப முடியவில்லை. சோறு ரைஸ் குக்கரில். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

இவரைக் காணோம். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். பின்சந்தில் குடை.

"இல்ல!" என்கிறார்.