ஏப்ரல் முதல் உங்கள் முறை

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் பாப்பாவும் அப்பாவும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் மகனும் நலமாகத்தான் இருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு என்ன குறைச்சல்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்ததற்கு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஊரே அடைந்து கிடந்தாலும் என் பஸ் ஓடுகிறது. ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு தினமும் உங்கள் குடியிருப்பு வாசல் வழியாகத்தான் போகிறேன். இதை வாட்ச்மேனிடம் கொடுக்கிறேன். பதிலை அவரிடமே கொடுத்து வையுங்கள்.

விஷயம் இதுதான். அம்மா போன பிறகு நாம் பேசி வைத்தபடி அப்பா மூன்று மாதம் என்னிடம், மூன்று மாதம் உங்களிடம். மார்ச்சோடு என் முறை முடிகிறது. ஏப்ரல் முதல் உங்கள் முறை. மற்ற வருஷமாக இருந்தால் பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இப்போது அப்படி இல்லை. என் பஸ்ஸில் ஏறுபவர்கள் எல்லாரும் வார்டில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் விட்ட மூச்சைத்தான் நானும் இழுக்கிறேன். நூற்பாலைப் பஞ்சு அப்பாவின் நுரையீரலில் பாதியை ஏற்கெனவே தின்றுவிட்டது. மீதிப் பாதிக்கு நான் எமனாக வேண்டாம்.

அவர் எப்போதும்போல்தான் இருக்கிறார். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, டிவியில் இன்று எத்தனை பேர் என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகப் படிக்கிறார். காது கேட்காதவருக்கு அது சாதாரணக் குரல். என்றைக்கு அழைத்து வரட்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு வாட்ச்மேன் கிருமிநாசினி அடித்துக் கொடுத்தான். மை கலைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் படித்தேன். இனி எழுதினால் பால்பாயிண்ட் பேனாவில் எழுது.

உலகமே உயிருக்குப் பயந்து கிடக்கும் நேரத்தில் முறை, கணக்கு என்று எழுத உனக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. அப்பா என்ன வாடகை சைக்கிளா, நேரம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு?

எங்கள் குடியிருப்போர் சங்கம் வெளியாட்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை. கடைப் பையன்கூட பையைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். எழுபது குடும்பத்துக்கு ஒரு விதி என்றால் எனக்கும் அதுதான். ஊரோடு ஒத்துப் போகத்தான் வேண்டும். மகனுக்கு வீசிங் இருப்பது உனக்குத் தெரியும்.

அப்பாவின் மேல் அவ்வளவு அக்கறை என்றால் நீ லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே. உன்னை யார் அந்த பஸ்ஸை ஓட்டச் சொன்னது? அவருக்கு வெந்நீர் கொடு. ஆவி பிடிக்கச் சொல். டிவி பார்க்க விடாதே.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணாவுக்கு,

பால்பாயிண்ட் பேனாதான். நன்றாகத் தெரியும்.

யார் ஓட்டச் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்போ மேனேஜர் சொன்னார். லீவு கேட்டவர்களிடம், அப்படியே வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். போன வாரம் சாயங்காலம் ஊரே பால்கனியில் நின்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கை தட்டியதே, அப்போது நான் உங்கள் தெருவில்தான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த நர்ஸம்மாக்கள் அழுதார்கள். மறுநாள் அதே தெருவில், இங்கே பஸ்ஸை நிறுத்தாதே என்று ஒருவர் மாடியிலிருந்து கத்தினார். கை தட்டிய கையா, கத்திய வாயா, எதை நம்புவது?

என் வீட்டிலும் இதே கதைதான். கீழ்வீட்டுக்காரர் குழாயடிக்கு என்னை வர வேண்டாம் என்கிறார். யூனிபாரத்தைப் பார்த்தால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நான் வாசலிலேயே குளித்துவிட்டு, சமையலறையில் தனியாகப் படுக்கிறேன். வீடே இரண்டு அறைதான். அப்பா ராத்திரி தண்ணீருக்கு எழுந்தால் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் வீட்டில் விருந்தாளிக்கு என்றே ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது.

வெளியாட்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா எப்போது வெளியாள் ஆனார்? திங்கட்கிழமை வண்டியை டிப்போவில் விடும் முன் அவரை அழைத்து வருகிறேன். நீங்கள் கேட்டில் இருங்கள்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

நீ திங்கட்கிழமை வராதே. மிரட்டலுக்கெல்லாம் பயப்படுகிறவன் நான் இல்லை. உன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனிதரை இங்கே யாரும் உள்ளே விடமாட்டார்கள். சங்கத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமனதாக மறுத்துவிட்டார்கள்.

அப்பாவை அலைக்கழிக்காதே. அவருக்கு ஏதாவது ஆனால் அதற்கு நீதான் பொறுப்பு. இதை எழுத்தில் சொல்லி வைக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6, திங்கட்கிழமை

அண்ணனுக்கு,

வந்தோம். பார்த்தோம். வாட்ச்மேன் இன்டர்காமில் உன் வீட்டுக்குக் கேட்டுவிட்டு, சார் வீட்டில் இல்லை என்றார். ஊரடங்கில் ஒருவன் எங்கே போவான் என்று கேட்டேன். அவர் பாவம், தரையைப் பார்த்தார்.

கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை நின்று படித்தேன். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, உறவினர்களும் இதில் அடங்குவர், பெற்றோரும் அடங்குவர். பெற்றோர் என்ற வார்த்தையை யாரோ தனியாக யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள். கீழே செயலாளர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை என் ரேங்க் கார்டில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், அப்பாவுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுத்தபோது! சங்கத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள் என்று எழுதினாயே. கண்ணாடி முன்னால் நின்று கேட்டாயா?

அப்பா வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் புதுசு. மகன் வீட்டுக்குப் போகிறோம் என்று தாடியை மழித்துக்கொண்டு வந்திருந்தார். நான் கத்த ஆரம்பித்தேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து மாடிப்பக்கம் பார்த்தார். பிறகு தானாகவே எழுந்து என் கையைப் பிடித்து, "அவன் வீட்ல இல்லடா. மருந்து வாங்கப் போயிருப்பான். வா, போலாம்" என்றார். அவர் இழுத்த இழுப்பில்தான் நான் திரும்பினேன். இல்லாவிட்டால் உன் எழுபது குடும்பமும் இன்றைக்குக் காதைப் பொத்தியிருக்கும்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

அண்ணன் என்ற மரியாதை போய் நீ, உன் என்று எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாய். இருக்கட்டும்.

அப்பா சொன்னது சரிதான். நான் மருந்துக் கடைக்குத்தான் போயிருந்தேன். மகனுக்கு இன்ஹேலர் வாங்க வேண்டியிருந்தது. கடை வாசலில் வட்டம் போட்டு ஒவ்வொருவராக நிற்க வைத்தார்கள். என் முறை வருவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. நான் திரும்பியபோது நீங்கள் போயிருந்தீர்கள். அப்பா என்னைப் புரிந்துகொண்ட அளவுக்குக்கூட உனக்குப் புத்தி இல்லை.

நோட்டீஸில் நான் கையெழுத்துப் போட்டது செயலாளர் என்பதால். மகன் என்பதால் விதியை மாற்றினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். பொறுப்பில் இருப்பவனின் கஷ்டம் ஸ்டீயரிங் பிடிப்பவனுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்கிறேன், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது. லிஃப்ட் பட்டனைப் பேனாவால் அமுக்குகிறேன். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். தொண்டை கரகரத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உனக்குப் பயம் இல்லையென்றால் நீ பெரிய வீரன்தான்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

எனக்கும் பயம்தான். ஆனால் நான் பயத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பஸ்ஸில் முன்சீட்டில் உட்காரும் நர்ஸம்மாவுக்கு வந்துவிட்டது. டிரைவர்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. இந்தத் தடவை இல்லை, அவ்வளவுதான். அடுத்த தடவைக்கு யார் ஜாமீன்? அதனால் நான் டிப்போ ஓய்வறைக்கு வந்துவிட்டேன். டயர் வாசனையில் ஆறு பேர் படுத்திருக்கிறோம். அப்பா அங்கே இருக்கும்வரை நான் வீட்டுக்குள் கால் வைக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரிதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். சொந்த மருமகள் அவள் ஒருத்திதான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாப்பா என்னை ஜன்னலிலிருந்து பார்த்து அழுகிறது.

கெஞ்சுவதாக நினைத்தால் நினைத்துக்கொள். அவரை நீ அழைத்துக்கொண்டால் நான் என் குழந்தையைத் தூக்குவேன். வேறு எதற்காகவும் உன்னிடம் இனி வரமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை காயப்போடாமலே படித்தேன். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

சங்கத்தில் பேசி அந்த விதியை எடுத்துவிட்டேன். மறைப்பானேன், இரண்டாம் மாடி அம்மாவும் கேட்டுவிட்டார்கள், உங்கள் அப்பா எங்கே இருக்கிறார் என்று. விருந்தாளி அறையைத் துடைத்து வைத்திருக்கிறோம். குளியலறையும் தனி. அண்ணியும் சரி என்றுவிட்டாள். காருக்கு பாஸ் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை கார் வரும். ஏற்றிவிடு. ஏப்ரல், மே என்று கணக்குப் பார்க்காமல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் வீட்டில் இல்லாமல் போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருந்திருந்தால் எப்படியாவது உள்ளே அழைத்துப் போயிருப்பேன். அப்பாவிடம் அதைச் சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 24

கார் அனுப்ப வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து நேராக வீட்டுக்குப் போய் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். அப்பா மாடி ஜன்னலுக்கு வந்தார். அவருடன் ரகசியம் பேச வழி இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் கத்தினேன், அவரும் கத்தினார். வேலை இல்லாமல் ஜன்னலில் நின்ற தெரு முழுக்க எங்களைக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள் என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. நீங்கள் போனால்தான் நான் வீட்டுக்கு வர முடியும், பாப்பாவைத் தூக்க முடியும் என்று நடுத்தெருவில் நின்று கெஞ்சினேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு, "உன் கஷ்டம் புரியுதுடா. என்னை ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விடு. அங்க மட்டும் வேணாம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அவன் மேலதான் நின்னுட்டிருந்தான். காயப்போட்ட துணிக்குப் பின்னாடி. நான் பாத்தேன். நான் பாத்ததை அவனும் பாத்தான்."

அப்போதே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ கேட்டை ஏறிக் குதிச்சிருப்ப. அவன் கீழ வந்திருப்பான். வந்து, என் மூஞ்சிக்கு நேரா வராதீங்கன்னு சொல்லியிருப்பான். அதை அவன் வாயால கேக்க வேணாம்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பேசாத மனிதர், நான் உட்கார ஒரு நாற்காலியை எடுத்துவந்து நடுவழியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவரை முதியோர் ஹோமுக்கும் அனுப்பமாட்டேன், உன்னிடமும் அனுப்பமாட்டேன். நான் டிப்போவிலேயே இருந்துகொள்வேன். இந்த நோய் என்றைக்காவது ஒருநாள் போகும்.

பயப்பட்டதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்தும் நின்றாயே, பிறகு உட்கார்ந்து அந்த மருந்துக் கடையை வட்டம் வட்டமாக எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் சொல் பொய்யாகிவிடக் கூடாதென்றுதான் அவர் மருந்து வாங்கப் போயிருப்பான் என்று சொன்னார். நீ அதையே எடுத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டாய்.

இனி எழுதாதே. வாட்ச்மேனிடம் எதுவும் வாங்கமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேறு ரோடு இல்லாததால் என் பஸ் உன் வாசல் வழியாகத்தான் போகும். நான் மேலே பார்க்கமாட்டேன். நீ தாராளமாக பால்கனியில் நின்று காற்று வாங்கு.

இப்படிக்கு,
அப்பாவின் இளைய மகன்