மூன்றாம் கட்டிலின் காய்ச்சல்

டிரஸ்ஸர் அண்ணே,

நேற்று ரவாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஒரு பெண் துப்பாக்கி மாதிரி எதையோ என் நெற்றிக்கு நேரே நீட்டினாள். ‘பீப்’ என்றது. “ஓகே அங்கிள், உட்காருங்க” என்றாள். அவ்வளவுதான். நாக்குக்கு அடியில் வை, கடிக்காதே, பேசாதே என்று எதுவும் இல்லை. முக்கியமாக, அந்த உதறல் இல்லை. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் நீங்கள்தான் வைத்தியம்; நீங்கள் தெர்மாமீட்டரை உதறும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் இரண்டடி விலகுவார்கள். ஆட்களை வேலைக்கு விரட்டுகிற மண்டோர் ஒருமுறை விலகவில்லை; அவர் மூக்குக்கண்ணாடி மருந்துத் தொட்டியில் போய் விழுந்தது. அது நினைவுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெண் எழுந்து வந்து என் நெற்றியில் இன்னொரு தடவை சுட்டுப் பார்த்தாள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் போட்ட அந்தக் காய்ச்சல் சார்ட்டைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. ஈரானும் ஈராக்கும் எட்டாவது வருடமாக அடித்துக்கொண்டிருந்தன. கோலசிலாங்கூர்ப் பக்கத்து நம் ரப்பர்ப் பால்மரத் தோட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். சம்பந்தம் உங்கள் தம்பி மாணிக்கம். எண்ணெய்க் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்து, சரியாக அந்தச் சண்டை நடந்த கடலுக்கே போய்ச் சேர்ந்திருந்தான். இரண்டு நாட்டுக்காரர்களும் எண்ணெய்க் கப்பலாகத் தேடித்தேடிச் சுட்ட காலம். தாய் தகப்பன் போன பிறகு நீங்கள் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“வாத்தியாரே, ஒரு பெரிய கிராஃப் தாள் குடுங்க” என்று பள்ளிக்கு வந்து நின்றீர்கள்.

“எதுக்குண்ணே?”

“காய்ச்சல் சார்ட் போடணும். நம்ம ஆஸ்பத்திரி சார்ட்டு பதினாலு நாளைக்குத்தான் வரும். இது இழுக்கும்.”

மறுநாள் வந்து பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்றே கட்டில்கள். ஆளில்லாத மூன்றாம் கட்டிலின் கால்மாட்டில் அந்தத் தாள் தொங்கியது. பெயர்: மாணிக்கம். நோய்: சண்டை. விடியற்காலை வானொலிச் செய்தி முடிந்ததும் நீங்கள் ஒரு புள்ளி வைப்பீர்கள். கோணல் இல்லாமல் கோடு இழுப்பது என் வேலை.

“இன்னிக்கு ரெண்டு கப்பல். நூத்தி மூணு போடுறேன்.”

“நேத்து ஒரு கப்பலுக்கே நூத்தி நாலு போட்டீங்களே?”

“அது பெரிய கப்பல், வாத்தியாரே.”

“செய்தியில ஒண்ணுமே சொல்லலைன்னா?”

“தொண்ணூத்தொம்பது.”

“அப்ப நார்மல் எப்ப?”

தெர்மாமீட்டரை நீட்டி என்னை எச்சரித்தீர்கள். “ஆளு கண்ணு முன்னால வந்து நிக்காம நார்மல் போடக்கூடாது. டிரஸ்ஸர் வேலைக்கு அதுதான் மொத பாடம்.”

அந்தக் கோட்டின் அருமையை முதலில் புரிந்துகொண்டவர்கள் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர்கள்தான். சார்ட் நூறுக்குக் கீழே இருந்தால் நீங்கள் தங்கமான மனிதர். இடுப்புவலி என்று வந்தவனுக்கு இரண்டு நாள் லீவுச் சீட்டு. நூற்று மூன்றைத் தாண்டினால் அதே இடுப்புவலிக்குக் கசப்பு மருந்து ஒரு கிளாஸ், நின்ற இடத்திலேயே குடிக்க வேண்டும், பிறகு நேரே வேலைக்கு. ஆகவே விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால், சன்னல் வழியாகச் சார்ட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்தில் நோய் வரும். பாரசீக வளைகுடா எந்தப் பக்கம் என்று தெரியாத மாரியாயி என்னை வழியில் மறித்துக் கேட்டாள்: “வாத்தியாரே, இன்னிக்குச் சண்டை எப்படிலா? எனக்கு வயிறு வலிக்குது.”

ஒருநாள் சார்ட்டில் புள்ளியே இல்லை. ஒரு கப்பல் நடுக்கடலில் எரிகிறது என்று வானொலி சொன்னது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் பேனாவைத் திறந்தபடியே மூன்றாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். சன்னலில் எட்டிப் பார்த்த தலைகள் ஒவ்வொன்றாக விலகின. அன்று தோட்டத்தில் ஒருவருக்கும் நோய் இல்லை. உண்மையாகவே காய்ச்சலில் கிடந்த மாரியாயி கூடப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அது வேறு கப்பல் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குப் பிறகும் அந்த இடத்தை நீங்கள் நிரப்பவில்லை. கோடு அங்கே அறுந்தே கிடக்கிறது.

அந்த வாரம்தான் மாதாமாதம் பட்டணத்திலிருந்து வரும் டாக்டர் வந்தார். நம் ஆள்தான், ஆனால் சிடுசிடுப்பு. மூன்றாம் கட்டிலில் தொங்கிய தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது? மூணு மாசமாக் காய்ச்சல் ஏறி எறங்குது. ரத்தம் எடுத்தீங்களா?”

“இல்லீங்க டாக்டர்.”

“ஆளு எங்க?”

“கப்பல்ல இருக்கானுங்க.”

“இவ்வளவு காய்ச்சலோட எவன்யா அவனைக் கப்பல்ல ஏத்தினது?”

“நான்தாங்க” என்றீர்கள். “போகமாட்டேன்னுதான் சொன்னான். தோட்டத்துல கெடந்து என்ன பண்ணப்போறேன்னு நான்தான் வெரட்டி ஏத்திவிட்டேன்.”

நானே அன்றுதான் அதைக் கேள்விப்பட்டேன். டாக்டர் நோய் என்று எழுதியிருந்த இடத்தை ஒருமுறை படித்தார், கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார், அறுந்த இடத்தில் நின்றார். பிறகு தன் பேனாவை எடுத்து, மற்ற நோயாளிகளுக்குச் செய்வது போலவே, ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வந்தபோது முதல் கட்டிலைத் தாண்டி நேரே மூன்றாவதற்குத்தான் போனார்.

ஜூலையில் ஈரான் சண்டை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. அன்று நீங்கள் கேட்காதவர்களுக்கெல்லாம் லீவு எழுதினீர்கள். மண்டோருக்கே இரண்டு நாள். ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் ஒரு மாதம் அடித்துக்கொண்டார்கள். “போற காய்ச்சல் ஒரு தடவை தூக்கிக் காட்டிட்டுத்தான் போகும்” என்று நூற்று இரண்டு போட்டீர்கள். ஆகஸ்டில் துப்பாக்கிகள் ஒருவழியாக ஓய்ந்தன. லயத்து வீட்டு ஆட்கள் சன்னலில் கூடி நின்று, “அதான் நின்னுபோச்சே டிரஸ்ஸரே, நார்மல் போடுங்கலா!” என்று கத்தினார்கள். நீங்கள் அசையவில்லை. தொண்ணூற்றொன்பது. மறுநாளும் தொண்ணூற்றொன்பது. மூன்று வாரம் தொண்ணூற்றொன்பது.

பிறகு ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து மாணிக்கம் இறங்கினான். கறுத்து, தொப்பை போட்டு, கையில் ஒரு பெட்டி. தோட்டமே அவன் பின்னால் வந்தது. நீங்கள் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. தெர்மாமீட்டரை உதறினீர்கள்; எல்லாரும் இரண்டடி விலகினார்கள். அவன் வாயில் செருகினீர்கள்.

“குண்டு விழுந்துச்சாடா?” “உன் கப்பலு எரிஞ்சிச்சா?” “பொண்ணு கிண்ணு பாத்துக்கிட்டியா?” சுற்றி நின்று கேட்கிறார்கள். அவன் கண்ணை மட்டும் உருட்டுகிறான்.

“பேசாதே. கடிக்காதே” என்றீர்கள், கடிகாரத்தைப் பார்த்தபடி.

எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் உங்களுக்குப் படிக்க வரவில்லை. என்னிடம் நீட்டினீர்கள். “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு” என்று சத்தமாகப் படித்தேன். நீங்கள் போய்க் கடைசிப் புள்ளியை வைத்தீர்கள். அப்புறம்தான் கட்டிலில் உட்கார்ந்து அழுதீர்கள்.

இதுதான் சொல்ல வந்தது, அண்ணே. அன்று தெர்மாமீட்டரில் பாதரசம் தொண்ணூற்றொன்பதுக்கு மேலே இருந்தது. வெயிலில் முக்கால் மைல் நடந்து வந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? முப்பது வருட ஆசிரியர் வேலையில் நான் போட்ட ஒரே கள்ள மார்க் அது.

சார்ட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாணிக்கம் கொண்டுவந்து கொடுத்தான். சுங்கை ஆயர் தாவாரில் அவன் சாப்பாட்டுக் கடை நன்றாக ஓடுகிறது. உங்களை அடக்கம் செய்த மறுநாள் போன் செய்து, வேறொன்றும் பேசாமல், “எவ்வளவு வாத்தியாரே?” என்று கேட்டான். “நூத்தி மூணு” என்றேன். “எனக்கும்” என்றான். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான்.

இந்த வாரமும் கேட்டான்.

“தொண்ணூத்தொம்பது” என்றேன்.

“எறங்கிடுச்சே. அப்ப அடுத்த வாரம் நார்மல் போட்டுடலாமா?”

“உங்க அண்ணன் சொன்ன மொத பாடம் மறந்துபோச்சா?”

அந்தப் பக்கம் அவன் சட்டியில் எதையோ தாளித்தான்.

“சரி வாத்தியாரே,” என்றான். “தொண்ணூத்தொம்பதுலயே இருக்கட்டும்லா.”