பதினொரு தேதிகள்

திருவாளர் கணவர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் நலம் என்று உங்கள் அலுவலக எழுத்தரே போனில் சொல்லிவிட்டார். நானும் மகளும் இருக்கும் லட்சணத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறப்புப் படையில் இன்னும் ஐந்து வருடம் தொடர மனைவியின் கையெழுத்து வேண்டும், படிவம் தபாலில் வரும் என்றீர்களே, செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. பிரித்தால் படிவம் இல்லை. உள்ளே இன்னொரு உறை. அதன்மேல் உங்கள் கையெழுத்தில், 'நான் இறந்தால் வீட்டில் கொடுக்கவும்.'

உங்கள் அலுவலகத்துக்கு லைன் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் விதவை. மூடாத குழாயில் வாளி நிரம்பித் தண்ணீர் கூடம் வரை வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "கவர் மாறிடுச்சும்மா, சார் நல்லா இருக்காரு, பிரிக்காம திருப்பி அனுப்பிடுங்க" என்றார் எழுத்தர், கடையில் சாமான் மாறிப்போன மாதிரி. களத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் இப்படி ஒன்று எழுதி அங்கே வைக்க வேண்டுமாம். வருடா வருடம் புதிதாக எழுத வேண்டுமாம். எனக்கு எல்லாமே புதுச் செய்தி.

பிரித்தேன். ஏன் பிரித்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நீங்கள் ஒருமுறைகூடப் புதிதாக எழுதவில்லை. இருபது வயதில், முதன்முதலாக எல்லைக்குப் போனபோது எழுதியதேதான். தேதியை மட்டும் அடித்து அடித்து மாற்றியிருக்கிறீர்கள். மொத்தம் பதினொன்று. நான்காவது, நமக்குத் திருமணமான ஒன்பதாம் நாள். ஆறாவது, மகள் பிறந்த வாரம். அப்பா எங்கே என்று கேட்ட நர்ஸிடம், வந்துகொண்டிருக்கிறார் என்று நான் கூசாமல் பொய் சொன்ன வாரம். ஒன்பதாவதின் பக்கத்தில் சிறப்புப் படையின் முத்திரை. "சிறப்புப் படைன்னாலும் ஆபீஸ் வேலைதான், பேனாவைத் தவிர எதையும் தூக்கறதில்ல" என்று என் காதில் பூச்சுற்றிய அதே மாதம்!

கடிதம் முழுக்க அம்மா, அம்மா, அம்மா. சைக்கிளைத் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி இப்போது பேருந்து ஓட்டுகிறார். அந்த அம்மா, என் அத்தை, போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகும் மூன்று முறை தேதி மாற்றியிருக்கிறீர்கள். என் பெயர் எங்கே? மகள் பெயர் எங்கே? யாருக்கோ எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டா நாங்கள் அழ வேண்டும்? "உங்க பேரையும் பொண்ணு பேரையும் அதுல எழுத அண்ணனுக்குக் கை வந்திருக்காது அண்ணி" என்கிறார் தம்பி. அவர் உங்கள் கட்சி, அப்படித்தான் சொல்வார்.

அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு மகள், "போன்ல இருக்காரு" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

எழுத்தர் நேற்று மறுபடி அழைத்தார். அந்த உறை அலமாரியில் இல்லாமல் உங்களைக் குழுவோடு வெளியே அனுப்ப முடியாதாம். ரொம்ப சந்தோஷம் என்றேன். படிவமும் இன்று வந்துவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன்.

உறையில் இருந்த உங்கள் கடிதத்தையும் திருப்பி அனுப்ப மாட்டேன். பதினோராவது தேதியை நானே அடித்துவிட்டேன். பக்கத்தில் இடம் இருக்கிறது. புதிதாக ஒன்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். வந்து வாசலில் நில்லுங்கள். அன்றைய தேதியை நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாகவே இருப்பவள்