தாச்சியில் காய்ச்சிய பேரிங்

மச்சாள்,

இன்று காலை மகன் தன் ஸ்னோமொபிலைக் கராஜுக்குள் தள்ளி வந்து கழற்றிப் போட்டிருந்தான். பனிமேல் ஓடுகிற வண்டி அது. சில்லுக்குப் பதிலாக அகலமான றப்பர்ப் பட்டி. அந்தப் பட்டியைச் சுழற்றும் தண்டின் பேரிங் உடைந்து கிறீஸ் கருகியிருந்தது. கதவைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. வெளியே முழங்காலளவு பனி. நானோ யாழ்ப்பாணத்தில், கரவெட்டியில், எங்கள் வளவுக்குள், உங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

நீங்கள் கண்மூடிய செய்தி வந்த நாளில் அழுதேன். இன்று சிரிப்பு வந்தது. அதுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெங்காயத்துக்கு நல்ல விலை இருந்த காலம். உங்கள் தம்பி, என் மனுசன், சோடி மாட்டையும் விற்றுவிட்டு, கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின் வாங்கியிருந்தார். மாட்டை விற்றவன் மண்வெட்டிதான் தூக்கப்போகிறான் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் குடல்வால் ஒப்பரேசனுக்காக மந்திகை ஆசுபத்திரியில் படுத்த கிழமைதான், கூலிக்கு ஓட்ட வந்தவர் பாதித் தோட்டத்தில் மெசினை விட்டுவிட்டு வந்து கையை விரித்தார். ஒரு பக்கச் சில்லு கிறீச்சிட்டு, ஆடி, இறுகி நின்றுவிட்டது.

விதை வெங்காயம் முளைவிட்டுக் கிடந்தது. ஊரிலுள்ள மற்ற மெசின்காரர்களும் மெசின் திருத்துகிறவர்களும் வயல் உழவுக்கு வன்னிக்குப் போய்விட்டார்கள். ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம் போய்ச் சொன்னோம்.

“அக்கா, ஒருத்தரும் அதிலை கை வைக்காதேங்கோ. நான் வந்து பாக்கிறன்” என்றார்.

“ஓம் தம்பி” என்றீர்கள். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, “வீட்டிலை நட்டுக் கழட்டிற சாவியள் எங்கை இருக்கு, பிள்ளை?” என்று கேட்டீர்கள்.

உங்களுக்குத் தையல் மெசினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஆனால் நீங்கள் அச்சைக் கல்லில் ஏற்றி, சில்லைக் கழற்றி, மூடியைத் திறந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கில் பரப்பினீர்கள். உள்ளேயிருந்த பேரிங் நொறுங்கி, குண்டுகள் கறுத்த கிறீஸோடு உங்கள் மடியில் கொட்டின. அதன் உள்வளையம் தண்டைக் கவ்விப்பிடித்தபடி நின்றது. உளியை நான் பிடிக்க நீங்கள் அடித்தீர்கள். வளையம் வெடித்து விழுந்தபோது தண்டையே உடைத்துவிட்டோமென்று நான் கத்தினேன்.

“தண்டுக்கு ஒண்டும் இல்லை. கீறல்தான். அரத்தை எடு.”

உடைந்த வளையத்தை மண்ணெண்ணெயால் துடைத்தபோது விளிம்பில் ஓர் இலக்கம் தெரிந்தது. வளையத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நெல்லியடி மில்லுக்கு நடந்தோம். மிளகாய் அரைக்கிற மெசினிலும் இப்படி ஒன்று சுழலத்தானே வேண்டும் என்பது உங்கள் யோசனை.

மில்காரர் இலக்கத்தைப் பார்த்தார். “உது என்னட்டை ஒண்டு இருக்கு. ஆனா என்ரை மில்லுக்கெண்டு வச்சிருக்கிறன்.”

“உங்கடை மில் இண்டைக்கு ஓடுது அண்ணை. எங்கடை வெங்காயம் அழுகப்போகுது. கொழும்பிலை இருந்து புதுசு எடுப்பிச்சு உங்கடை கையிலை தாறன். அதுக்கிடையிலை உங்கடை மெசின் நிண்டா, நாங்கள் ரெண்டு பேரும் வந்து அம்மியிலை அரைச்சுத் தாறம்.”

அவர் சிரித்துவிட்டார். கடதாசியில் சுற்றிய புதுப் பேரிங்கை எடுத்துத் தந்து, “சுத்தியலாலை அடிச்சு ஏத்திப்போடாதேங்கோ, உடையும். எண்ணெயிலை சூடாக்குங்கோ, விரிஞ்சு தானா ஏறும்” என்றார்.

“எண்ணெயிலை போடுறதுக்கு எங்களுக்குப் படிப்பிக்க வேணுமே” என்றீர்கள்.

தாச்சியில் நல்லெண்ணெய் காய்ந்தது. கம்பியில் கட்டி அதற்குள் பேரிங்கை இறக்கினோம். நான் வடை அள்ளுகிற கரண்டியால் தூக்க, நீங்கள் ஈரச் சாக்கால் பிடித்துத் தண்டில் செருகினீர்கள். பாதி வழி ஏறியது. அதற்குள் சூடு தணிந்து இறுகிவிட்டது. நான் நிலத்தில் குந்திவிட்டேன். இரவல் வாங்கியதையும் பழுதாக்கிவிட்டோம் என்றே நினைத்தேன்.

நீங்கள் பின்பக்கம் மரக்கட்டை கொடுத்து மெல்ல மெல்லத் தட்டி அதைக் கழற்றினீர்கள். பிறகு கொஞ்சம் யோசித்தீர்கள். “சூட்டிலை இது விரியுமெண்டா, குளிரிலை தண்டு சுருங்கத்தானே வேணும்?”

நான் கூல்பாருக்கு ஓடி ஐஸ்கட்டி வாங்கி, உமியில் புதைத்துக் கொண்டுவந்தேன். சாக்கில் சுற்றித் தண்டைச் சுற்றிக் கட்டினோம். பேரிங்கைத் திரும்பக் காய்ச்சினோம். இந்தமுறை நீங்கள் தள்ளக்கூட இல்லை. வழுக்கிக்கொண்டு போய் ‘டக்’கென்று தன் இடத்தில் குந்தியது. நாம் ஒருவரையொருவர் பார்த்தோம். உங்கள் மூக்கு நுனியில் கிறீஸ். என் கையில் எண்ணெய்க் கொப்புளம். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மற்றையதெல்லாம் சாக்கில் கிடந்த ஒழுங்கின்படி பூட்டினோம். மெசின் முழங்கியது, சில்லு சத்தமில்லாமல் சுழன்றது. நீங்கள் கைப்பிடியைப் பிடித்து ஓட்டிய முதல் உழவுச்சால் பாம்புபோல் வளைந்தது. வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. நீங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. மூன்றாவது சாலில் கோடு நேராகிவிட்டது. விதை வெங்காயம் முழுவதும் மண்ணுக்குள் போயிற்று.

உங்கள் தம்பியை வீட்டுக்கு விட்ட நாளில் மெசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி, வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு ஆசுபத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அவர் வயிற்றைப் பிடித்தபடி வந்து அங்குமிங்கும் தேடினார்.

“ஆர் ஓட்டிக்கொண்டு வந்தது?”

“நான்தான்.”

“அப்ப பேரிங்?”

“நானும் உன்ரை மனிசியும் போட்டனாங்கள். வடை சுட்ட மாதிரி.”

அவர் சில்லுக்குப் பக்கத்தில் குனிய முடியாமல் குனிந்து, உங்களை இரண்டடி ஓட்டச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டார். சில்லில் எந்தக் கிறீச்சும் இல்லை. “கை வைக்காதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்” என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நெல்லியடிச் சந்தி வந்தபோது கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள், பெட்டியில் பக்கத்தில் இருந்த என்னிடம் திரும்பி, “இனி நீ பிடி” என்றீர்கள்.

அதற்குப் பிறகு தெரியாத நாட்டில், தெரியாத பாஷையில், எத்தனையோ வேலைகளுக்கு முன்னால் தயங்கி நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல்தான் பக்கத்தில் வந்து நின்றது. அன்று அந்தச் சந்தியிலும் முதலில் தயங்கினேன். ஆனால் கைப்பிடியைப் பிடித்தேன். மெசின் என் சொல் கேட்டு நேராக ஓடியது. வீடு போய்ச் சேரும்வரைக்கும் கைப்பிடியை நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் தரவில்லை.